கழுத்தைப் பார்த்து நிறம் எடுங்கள்: புதிதாக மேக்கப் பழகுகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடம்தான் என் வேலையிடம். ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி, சன்னலோரம் ஒரு மேசை. வார இறுதியில் மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். மற்ற நாள்களில் பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். ஐந்தாம் படிவம் முடித்தவள் ஒருத்தி, தொழிற்சாலையில் முதல் சம்பளம் வாங்கியவள் ஒருத்தி, அக்கா கல்யாணத்துக்குத் தானே மேக்கப் போட ஆசைப்படுகிறவள் ஒருத்தி.

வந்ததும் பையைக் கொட்டச் சொல்வேன். பாதிச் சாமான் தேவைப்படாதது. மீதியில் பாதி அவள் நிறத்துக்கு ஒத்துவராதது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காணொளியில் சொல்லித்தருகிறவர்கள் பலரும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, வேறு தோலுக்கு, வேறு வெயிலுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நம் பக்கத்திலோ ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 டிகிரி. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். லயத்து வீட்டில் போட்டுக்கொண்ட மேக்கப், தோட்டக் கோயில் வாசலை மிதிப்பதற்குள் கழுத்து வழியே இறங்கத் தொடங்கிவிடும். நம் தோலுக்கும் நம் வெக்கைக்கும் ஏற்ற முறை வேறு. நான் பழகிய வரிசையிலேயே அதை எழுதுகிறேன்.

வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மேக்கப்புக்கும் முன்னால் ஒரு தப்பு நடந்துவிடுகிறது. ‘ஏழே நாளில் வெளுப்பாகலாம்’ என்று விற்கும் கிரீம்தான் அது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் கைப்பேசி விற்பனைத் தளங்களிலும் பெயர் தெரியாத டப்பாக்களில் கிடைக்கிறது. மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வொரு அழகுப் பொருளும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ஓர் எண் உண்டு: என், ஓ, டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கங்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும். அந்த நிறுவனத்தின் இணையத் தேடலில் எண்ணையோ பொருளின் பெயரையோ போட்டுப் பார்க்கலாம். போலி எண் அச்சடித்த டப்பாக்களும் உலவுகின்றன. ஆகவே எண் இருந்தால் மட்டும் போதாது, தேடியும் பாருங்கள்.

எண் ரத்தாகிற வெளுப்பு கிரீம்களில் அந்த நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பவை பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு வகைகள். பாதரசம் தோல் வழியே உள்ளே போய் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்திய உடனே முகம் சிவந்து, பருக்கள் கொத்தாக எழும். பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார்கள், வலை இறுகும். ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினோயினும் மருத்துவர் பார்த்து எழுதித்தரும் மருந்துகள், கடைத்தட்டில் நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டியவை இல்லை. என்னிடம் வந்த ஒரு மணப்பெண்ணுக்கு ஸ்பாஞ்சு பட்டாலே கன்னம் எரிந்தது. எட்டு மாதமாக அப்படியொரு கிரீம் பூசி வந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் முகத்தில் கண்மையும் லிப்ஸ்டிக்கும் தவிர வேறு எதையும் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

நல்ல பொருள்தான் என்றாலும் புதிதாக வாங்கினால், முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டு போகலாம்.

நிறம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் மனத்தில் வைத்துக்கொள்வேன் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, ஒரு ஷேட் சிவப்பா போட்டு விடுங்க.” கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பார்க்க வரும் பெண்களில் பலர் கேட்பது இது. சில நேரம் பெண் கேட்க மாட்டாள், கூட வந்த அத்தை கேட்பார். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்ப்பாங்க, கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டும்மா” என்பார். நான் அந்தப் பெண்ணைச் சன்னலோரம் உட்காரவைத்து, தாடை எலும்பின் மேல் இரண்டு கோடு இழுப்பேன். ஒன்று அவள் கேட்ட நிறம், இன்னொன்று அவளுடைய நிறம். பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். அவளுடைய நிறத்தில் இழுத்த கோடு தோலோடு கரைந்து காணாமல் போயிருக்கும். கேட்ட நிறம் சாம்பல் பூத்துத் தனியாகத் தெரியும். “உன் கழுத்தும் உன்கூடத்தானேம்மா மேடைக்கு வரும்” என்று சொன்னால் அத்தைக்கும் புரிந்துவிடும்.

சாம்பல் ஏன் பூக்கிறது? ஃபவுண்டேஷன் என்பது முகம் முழுக்கத் தோல் நிறத்தில் பூசுவது. வெளிர் நிற ஃபவுண்டேஷன்களில் வெண்மைக்காக டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் வெள்ளைப் பொடியை நிறையச் சேர்ப்பார்கள். நம் தோலின் அடியில் மஞ்சளும் தங்கமும் ஓடும், சிலருக்குச் செம்மண் நிறம் ஓடும், சிலருக்கு ஆலிவ் காயின் பச்சைச் சாயல் இருக்கும். அதன்மேல் இந்த வெள்ளை ஒரு படலமாக உட்காரும்போது நீறு பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. முகம் வெளுக்காது, உயிர்க்களை போய்விடும். கேமரா ஃப்ளாஷ் அடித்தால் இன்னும் மோசம். முகம் மட்டும் வெள்ளையாகவும் காதும் கழுத்தும் கையும் வேறு நிறமாகவும் ஆல்பத்தில் நிலைத்துவிடும். என் அக்கா கல்யாணத்துக்குப் பதினெட்டு வயதில் நானே போட்டுக்கொண்ட மேக்கப் அப்படித்தான் இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கடையில் நிறம் தேர்ந்தெடுக்கும் வழி இது. முகம் கழுவி, ஒன்றும் பூசாமல் போங்கள். புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள், கை வெயில் பட்ட நிறம். பலருக்கு முகத்திலேயே இரண்டு மூன்று நிறம் இருக்கும். நெற்றியும் வாயோரமும் கறுத்து, கன்னம் வெளுத்து இருக்கும். அதனால் தாடையிலிருந்து கழுத்துப் பக்கமாக ஒரு கோடு இழுங்கள். பக்கத்து நிறங்களிலும் ஒவ்வொரு கோடு. பிறகு கடைக்கு வெளியே, பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள். கடைக்குள் எரியும் வெள்ளை விளக்கு எல்லா நிறத்தையும் நல்ல நிறமாகக் காட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கடை முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். தோல் எண்ணெயும் காற்றும் பட்டதும் சில ஃபவுண்டேஷன்கள் அரை ஷேட் கறுக்கும். பூசிய நொடியில் பொருந்தியது, பதினைந்து நிமிடத்தில் பொருந்தாமல் போகும். எந்தக் கோடு கண்ணில் படவில்லையோ, அதை வாங்குங்கள்.

நம் ஊர்க் கடைத்தட்டில் அடர்ந்த நிறங்கள் குறைவு என்பது உண்மை. கறுத்த பிள்ளைகள் மனம் சுருங்கித் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். விற்பனைப் பெண் “இதுதான் இருக்கிறதிலேயே டார்க்” என்று நீட்டுவதை வாங்கிவந்துவிடாதீர்கள். ஈப்போவில் பெரிய கடைகளில் இன்னும் இரண்டு மூன்று நிறம் கூடுதலாகக் கிடைக்கும். இல்லையென்றால் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் அடர்ந்தது ஒன்றும் உங்கள் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ளது ஒன்றுமாக வாங்கிக் கலந்துகொள்ளலாம். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் பிரிந்து திட்டுத்திட்டாகும். எதுவுமே பொருந்தவில்லையா? ஃபவுண்டேஷனை விட்டுவிடுங்கள். தேவைப்படும் இடத்தில் மட்டும் கருமையை மறைக்கும் கன்சீலர், கன்னத்துக்கு நிறம், கண்ணுக்கு மை. பொருந்தாத ஃபவுண்டேஷனைவிட இது எவ்வளவோ மேல்.

தோலைத் தயார் செய்வது

முகத்தைக் கழுவி, துவாலையால் ஒற்றி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். “எனக்கு எண்ணெய் முகம்க்கா, எதுக்கு மாய்ஸ்சரைசர்?” என்று கேட்பார்கள். காய்ந்த தோலில் ஃபவுண்டேஷன் செதிலாகப் பிடிக்கும். எண்ணெய் முகத்துக்கு ஜெல் மாதிரி லேசானது போதும்.

அடுத்தது சன்ஸ்கிரீன். இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். நம் நாட்டில் நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 10ஐத் தாண்டுவது சாதாரணம். சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு அளவைச் சொல்லும் எண்தான் எஸ்பிஎஃப். அது 30 என்றால் முகத்தைக் கருக்கும் புற ஊதா ‘பி’ கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. இரண்டில் எது என்பது பெரிய விஷயம் இல்லை. எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு பூசினால் டப்பாவில் போட்ட பாதுகாப்பு கிடைக்காது. ‘என் ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கே’ என்பதும் அதே கணக்கு. அந்த அளவுக்கு ஃபவுண்டேஷன் பூசினால் முகம் சுவராகிவிடும்.

வெள்ளை பூக்கிற சன்ஸ்கிரீன்களில் பொதுவாகத் துத்தநாக ஆக்ஸைடோ டைட்டானியமோ இருக்கும். நம் நிறத்துக்கு நிறம் சேர்த்தது, இல்லையென்றால் தெளிவாக உறிஞ்சப்படும் ஜெல் வகை பொருந்தும். பூசியபின் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். புடவைக்குக் கொசுவம் மடிக்கலாம், பூ கட்டலாம். அந்த நேரம் விடாமல் மேலே ஃபவுண்டேஷன் பூசுவதால்தான் பலருக்கும் அழுக்கு உருள்கிற மாதிரி உருண்டு வருகிறது. உருளுவதற்கு இன்னொரு காரணம், கீழே தண்ணீர் அடிப்படையும் மேலே சிலிகான் அடிப்படையும் சேராமல் போவது. பொருள் பட்டியலில் முதல் சில பெயர்கள் ‘கோன்’ என்றோ ‘சிலாக்ஸேன்’ என்றோ முடிந்தால் அது சிலிகான். ஃபவுண்டேஷனுக்கு முன்னால் பிரைமர் பூசுகிறவர்கள் என்றால், பிரைமரும் ஃபவுண்டேஷனும் ஒரே வகையாக இருக்கட்டும்.

தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கிக்கொண்டிருந்தால் இதெல்லாம் வீண். விசேஷத்துக்கு முதல் நாளே தலை குளித்துவிடுங்கள். மேக்கப் முடியும்வரை ஒரு துணிப் பட்டை கட்டி முடியை முகத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

கண்ணுக்குக் கீழே, பிறகு முகம் முழுக்க

விடியற்காலை நாலு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன அம்மாமார்களின் பிள்ளைகள் நாம். கண்ணடிக் கருமை எனக்கும் உண்டு, என் அம்மாவுக்கும் உண்டு. இரவு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். அதன்மேல் நேராக வெளிர் கன்சீலரை வைத்தால் சிமெண்டு நிறம் வரும். கருமையில் நீலம் கலந்திருக்கிறது. நீலத்தை அடக்குவது அதற்கு எதிர்நிறமான ஆரஞ்சு. மாநிறத்துக்குப் பீச் பழ நிறம், கறுப்பு நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு. அதை மிக மெல்லியதாக, கருமை உள்ள இடத்தில் மட்டும் மோதிர விரலால் ஒற்றுங்கள். ஆரஞ்சு வெளியே தெரிந்தால் அளவு அதிகம். அது அடங்கியபின் உங்கள் தோல் நிறக் கன்சீலரை மேலே வையுங்கள். வாயோரக் கருமைக்கும் இதே வழிதான்.

ஃபவுண்டேஷனை நெற்றி, கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்து, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றிப் பரப்புங்கள். தேய்க்க வேண்டாம். தேய்த்தால் கீழே வைத்ததெல்லாம் நகரும். ஒரு மெல்லிய படலம் போட்டுவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். போதாத இடத்தில் மட்டும் இன்னொரு முறை. கனமாக ஒரே தடவையில் போடுவது வியர்வையோடு சேர்ந்து வெடிக்கும், மெல்லிய இரண்டு படலம் தாங்கும். தாடைக்குக் கீழேயும் காது மடலிலும் மிச்சம் இருப்பதை இழுத்துவிடுங்கள். புடவை ரவிக்கையில் முதுகும் கழுத்தும் தெரியும் என்பதை மறக்கிறோம்.

பவுடரும் வியர்வையும்

நம் வீடுகளில் பவுடர் என்றால் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. குளித்துவிட்டு, உள்ளங்கையில் டால்கம் பவுடரைக் கொட்டி, இரு கையாலும் முகத்தில் அப்பி, கழுத்தில் ஒரு வரி. என் பாட்டி அப்படித்தான் செய்வார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) அரிசியில் செய்த பெடாக் செஜுக் என்னும் குளிர்ச்சிப் பொடியைக் கரைத்துத் தருவார், வேகாத வெயிலில் அது முகத்துக்குக் குளிர்ச்சி. அந்த நினைவெல்லாம் எனக்கு அருமையானது. ஆனால் ஃபவுண்டேஷனுக்கு மேல் டால்கம் பவுடர் போட்டால் வெளுத்துத் திட்டாகத்தான் நிற்கும். அதற்கென்று உள்ள செட்டிங் பவுடர் வேண்டும். முழு வெள்ளைப் பவுடரைக் காட்டிலும் மஞ்சள் சாயல் கலந்தது நம் நிறத்துக்கு நன்றாக உட்காரும். சிலிக்கா நிறைந்த வெள்ளைப் பவுடர் கண்ணாடியில் தெரியாமல் ஃப்ளாஷில் மட்டும் பளிச்சென்று தெரியும். வீட்டிலேயே கைப்பேசியில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பவுடரைப் பஃபில் எடுத்து, கையில் தட்டி உதறி, அழுத்தி ஒற்றுங்கள். நெற்றி, மூக்கு, மேலுதடு, தாடை, கண்ணுக்குக் கீழே. எண்ணெய் வழியாத கன்னத்துக்கு வேண்டாம், அந்த மினுமினுப்பு இருக்கட்டும்.

இனி வியர்வை. மண்டபத்தில் ஓமப்புகைக்கு முன் உட்கார்ந்தாலும் சரி, தோட்டக் கோயில் திருவிழாவில் கொட்டகைக்குள் நின்றாலும் சரி, வியர்க்கத்தான் செய்யும். உடனே கைப்பையைத் திறந்து பவுடரை எடுத்து வியர்வையின் மேலேயே போடுவதுதான் நான் பார்த்ததில் மிக அதிகமாக நடக்கும் தப்பு. ஈரமும் பவுடரும் குழைந்து பசையாகும், காய்ந்ததும் சுண்ணாம்பு உரிகிற மாதிரி உரியும். முதலில் டிஷ்யூவை ஓர் அடுக்காகப் பிரித்து முகத்தில் வைத்து அழுத்துங்கள், துடைக்காதீர்கள். ஈரமும் எண்ணெயும் தாளில் ஏறிவிடும். அதற்குமேல் தேவைப்பட்டால் மட்டும் துளி பவுடர். பாதி நேரம் தேவைப்படாது.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு: தலைக்கவசத்தின் பஞ்சு கன்னத்தை அழுத்தித் துடைத்துவிடும். டிஷ்யூவை மடித்துக் கன்னத்துக்கும் பஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கன்னத்துக்கு நிறம் தரும் பிளஷையும் லிப்ஸ்டிக்கையும் போய் இறங்கியபின் போடுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள்.

பால்குடம் எடுக்கும் நாளிலும் காவடிக்குக் கூட நடக்கும் நாளிலும் ஃபவுண்டேஷன் வேண்டாம் என்பது என் கருத்து. வெயிலில் மணிக்கணக்கில் நடக்கிறீர்கள். சன்ஸ்கிரீன் பூசி, நீரில் கரையாத கண்மை இட்டு, திருநீறு வைத்துக்கொண்டு போங்கள். வியர்க்கிற முகத்துக்கு அன்று அதுவே போதும்.

கண்

புருவத்துக்குக் கறுப்புப் பென்சில் எடுக்காதீர்கள். முடி கறுப்புதான், ஆனாலும் அடர் பழுப்பு போட்டால்தான் இயல்பாக இருக்கும். மூக்குப் பக்கத் தொடக்கத்தை லேசாக விட்டு, நடுவிலிருந்து வால் வரை அழுத்தம் கூட்டுங்கள். நூல் போட்டுப் புருவம் திருத்துவதை விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். அன்றே செய்தால் சிவந்து எரியும் தோலின் மேல் மேக்கப் போட வேண்டிவரும்.

கண்மைதான் நம் முகத்துக்கு உயிர். அது கீழே இறங்கிக் கரடிக் கண் ஆவதற்குக் காரணம், கண்ணடியில் இருக்கும் ஈரம். கீழிமை ஓரத்தில் முதலில் பவுடரை ஒற்றிவிட்டு, பிறகு மை தீட்டி, அதன்மேல் கறுப்பு ஐஷேடோவைச் சின்ன பிரஷால் அழுத்துங்கள். மண்டபத்தில் சாப்பாடு முடியும்வரை நகராது. வெளிநாட்டிலிருந்து பரிசாக வரும் சுர்மா தூளைக் கண்ணுக்குள் போடாதீர்கள். சில வகைகள் ஈய சல்ஃபைடு கல்லை அரைத்துச் செய்தவை, ஈயம் உடம்பில் சேரும். கைக்குழந்தைக்கு அதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மஸ்காராவைத் திறந்து மூன்று மாதம் ஆனதும் தூக்கிப் போடுங்கள். குழாய்க்குள் பிரஷ் ஒவ்வொரு முறை போகும்போதும் கிருமியும் கூடப் போகிறது. மை, மஸ்காரா, ஐலைனர் மூன்றையும் அக்கா தங்கைக்குள்ளேகூடப் பகிர வேண்டாம். ஒருத்திக்குக் கண்வலி வந்தால் கல்யாண வீடு முழுக்க வரும். டப்பாவின் அடியில், மூடி திறந்த சின்ன டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்று போட்டிருப்பது, திறந்தபின் எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான குறிப்பு.

பொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வெளுத்துப்போன அம்மாமார்களைப் பார்த்திருப்பீர்கள். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் ரசாயனம் தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே கெடுத்துவிடுகிறது. இரவு படுக்கும் முன் கழற்றுங்கள். ஒரே பொட்டை மறுபடி மறுபடி ஒட்டாதீர்கள். அரிப்போ வெளுப்போ தொடங்கினால் அந்த வகையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கன்னமும் உதடும்

வெளிர் ரோஜா பிளஷ் நம் கன்னத்தில் சுண்ணாம்புத் தூசி போலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ‘எனக்கு பிளஷ் சேராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நம்மிடம் நிறத்துக்கா பஞ்சம்? மாநிறத்துக்குச் செங்கல், ரம்புத்தான் தோல் சிவப்பு. கறுத்த நிறத்துக்கு மங்குஸ்தீன் தோலின் ஊதா, கத்தரிக்காய், பளிச்சென்ற ஆரஞ்சு. டப்பாவில் பார்த்தால் பயமாக இருக்கும். பிரஷ் நுனியில் தொட்டு, உதறி, கன்ன எலும்பின் மேல் காதுப் பக்கமாக இழுத்துப் பாருங்கள், வெட்கத்தில் சிவந்த மாதிரியே இருக்கும்.

உதட்டுக்கும் அதே பார்வைதான். காணொளியில் ‘நியூட்’ என்று காட்டுவது அவர்கள் உதட்டு நிறம். நமக்கு அது வெளிறி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல ஆக்கிவிடும். நம் நியூட் என்பது காப்பிப் பழுப்பு, மண் சிவப்பு. உதட்டோரம் கறுத்து நடுவில் சிவந்திருந்தால் பழுப்புப் பென்சிலால் ஓரம் வரைந்து உள்நோக்கித் தேய்த்துவிட்டு லிப்ஸ்டிக் போடுங்கள், ஒரே நிறமாகும். போட்டதும் டிஷ்யூவைக் கடித்து எடுத்து, மறுபடி ஒரு முறை. பாயாசம் குடித்தாலும் பாதி தங்கும்.

மணப்பெண் என்றால்

நலங்கு மஞ்சளைப் பற்றி மேக்கப் வகுப்புகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. முகூர்த்தம் காலை 7 மணி என்றால் விடியற்காலை 4 மணிக்குப் பெண் என் நாற்காலியில் இருப்பாள். முந்தின இரவு பத்து மணிவரை வீட்டார் கன்னத்தில் மஞ்சள் பூசியிருப்பார்கள். அந்த மஞ்சள் மேல் ஃபவுண்டேஷன் போட்டால் முகம் பச்சைமஞ்சளாகத் திரும்பும், கழுத்தோடு ஒட்டாது. என் தொடக்க காலத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆகி, முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். தாலி கட்ட அழைக்கும்போதுதான் ஒரு வழியாக முடித்தேன். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் சோப்புப் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் தோல்தான் புண்ணாகும். தேங்காய் எண்ணெயையோ கிளென்சிங் பாமையோ தடவி மெதுவாக வட்டமிட்டு, துணியால் ஒற்றி எடுத்து, பிறகு ஃபேஸ் வாஷ் போடுங்கள். வெயிலிலும் மஞ்சள் மங்கும். ஆகவே நலங்கை இரண்டு நாள் முன்பு வைக்க முடிந்தால் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் முகத்தில் தொட்டு வைத்துவிட்டு, கைகாலில் தாராளமாகப் பூசச் சொல்லுங்கள். நான் பேசிய எந்தப் பாட்டியும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

ஃபேஷியல் செய்வதானால் ஒரு வாரம் முன்னால். பிளீச் வேண்டவே வேண்டாம். மருதாணி இயற்கையில் ஆரஞ்சிலிருந்து அடர் பழுப்பு வரைதான் சிவக்கும். சில நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஏறும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைமுடிச் சாயத்தில் போடும் பிபிடி கலந்திருக்கும். சிலருக்குக் கொப்புளம் எழுந்து தழும்பே நின்றுவிடுகிறது.

கலைப்பது

விருந்து முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பி, புடவையை மட்டும் மாற்றிவிட்டுப் படுத்துவிடத் தோன்றும். படுக்காதீர்கள். நீரில் கரையாத மேக்கப் ஃபேஸ் வாஷுக்கு மட்டும் அசையாது. முதலில் எண்ணெய்ப் பசையுள்ள கிளென்சிங் பாம் அல்லது மிசெல்லார் நீர், பிறகு ஃபேஸ் வாஷ். கண்ணைத் தேய்க்காமல், நனைத்த பஞ்சைப் பத்து விநாடி இமைமேல் வைத்திருந்து வழித்தெடுங்கள். தேங்காய் எண்ணெயிலும் கலைக்கலாம். ஆனால் அது துளைகளை அடைக்கும், பரு வரும் முகமானால் பிறகு நன்றாகக் கழுவியாக வேண்டும். கடைசியாக மாய்ஸ்சரைசர்.

மேக்கப் பையைக் காருக்குள்ளோ மோட்டார் இருக்கைப் பெட்டியிலோ விட்டுவிடாதீர்கள். வெயிலில் லிப்ஸ்டிக் உருகும், கிரீம் பிரியும். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் கழுவி, காற்றாட வையுங்கள். மூடிய டப்பாவில் ஈரத்தோடு போட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் எறியுங்கள். பிரஷ்களை வாரம் ஒரு முறை குழந்தை ஷாம்புவில் கழுவுங்கள். நான் ஞாயிறு மாலையில் கழுவுவேன். கழுவியதும் நிமிர்த்தி நிற்க வைக்காமல், முடிப்பகுதி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுப்போய், முடி ஒவ்வொன்றாக ஃபவுண்டேஷனோடு கன்னத்தில் ஒட்டும்.